அரம் ஏறாத இடம்

ஒடிந்த இரும்புத் துண்டை யாராவது சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைப்பார்களா? இலியாஸ் பாய் வைத்திருந்தார். அது தெரிந்த நிமிடமே எனக்கு அவர்மேல் சந்தேகம் விழுந்துவிட்டது.

நான் இயல்பிலேயே சந்தேகப் பிராணி. இருபத்தாறு வருடமாகப் பெரம்பலூரில் ஒரு என்ஜினீயரிங் கல்லூரியில் லேப் இன்ஸ்ட்ரக்டர். இரும்பை இழுத்துப் பார்ப்பது, அடித்து உடைத்துப் பார்ப்பது, எவ்வளவு தாங்கியது என்று எழுதுவது, இதுதான் வேலை. பையன்கள் மெஷின் பக்கமே போகாமல் போன வருட நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொன்றையும் அடித்துத் திருப்பிக் கொடுப்பேன். இந்தப் புத்தி வீட்டிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சர்க்கரை போட்டாயிற்று என்று மனைவி சொன்னாலும் ஒரு வாய் குடித்துப் பார்த்துத்தான் நம்புவேன். அவள் மீன்சுருட்டியில் முந்திரிக் காட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். நான் சனிக்கிழமை சாயங்காலம் போய் வருவேன். பெரம்பலூரிலேயே தங்கலாம்தான். தங்கினால் பையன்கள் மார்க் கேட்டு வீட்டுக்கே வந்துவிடுவார்கள். அதனால் அரியலூரில், இலியாஸ் பாய் வீட்டு மாடியறையில் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறேன்.

பாய்க்குச் சொந்த ஊர் லெப்பைக்குடிக்காடு. சவுதியில், தம்மாமில் பதினாலு வருடம் லாரிப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ரெட்டிபாளையம் சாலையில் சொந்தமாக ஒரு பட்டறை போட்டார். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற டிப்பர்கள் பகலெல்லாம் அந்தச் சாலையில்தான் ஓடும். வேப்பமரம், கரண்டு கம்பி, டீக்கடை பாய்லர் எல்லாவற்றிலும் வெள்ளைப் புழுதி படிந்திருக்கும். அந்தக் குண்டுகுழிச் சாலையில் லோடு லாரி ஓடினால் பிராக்கெட் ஓட்டைக்குள் செருகியிருக்கும் உலோக வளையம், புஷ் என்பார்கள், வாரம் ஒன்றாவது தேயும். பாய்க்கு வேலைக்குப் பஞ்சமில்லை. நல்ல மனுஷன், கை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, ஆண்டவர் என்பவருடைய டிப்பர் முழு லோடோடு வேகத்தடையில் ஏறி இறங்கியது. பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகளைச் சேஸிஸோடு பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புப் பிராக்கெட் பட்டென்று இரண்டாக ஒடிந்தது. வண்டி ஒருக்களித்துப் பள்ளத்தில் சாய்ந்தது. டிரைவர் அன்பழகனின் வலது கால் கேபினுக்குள் நசுங்கிவிட்டது. திருச்சியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பிராக்கெட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் இலியாஸ் பாய் பட்டறையில் புஷ் மாற்றியிருந்தார்கள். செய்தி கேட்டு முதலில் ஓடியவரும் அவர்தான். ஓடியவர் சாலையில் கிடந்த பாதித் துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மறு பாதி வண்டியோடு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது.

வியாழக்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கீழே வரச் சொன்னார். கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்துப் பிரித்தார்.

"பாருங்க சார். ஒடஞ்ச எடத்தப் பாருங்க."

உள்ளங்கை அகலத்துக்கு, பிராக்கெட்டில் காதுபோல நீண்டிருந்த பாகம். நடுவில் புஷ் உட்காருகிற ஓட்டை. ஓட்டையை ஒட்டி ஒடிந்திருந்தது. ஒடிந்த முகம் முழுக்கச் சர்க்கரையைக் கொட்டியது போல மினுமினுத்தது. ஓட்டை விளிம்பில் மட்டும் ஒரு கீற்று, துருப் பிடித்து, பழுப்பாக.

"இது என்னா? பிளேடு போட்டு அறுத்து வெச்சிருக்கான். ஒரு நூல் கணக்கு. மிச்சத்த லோடு பாத்துக்கும்னு விட்டுட்டான்."

"யாரு?"

"யாரா? மச்சான்காரன்தான்."

பாயின் மனைவி ஹஃபீசா அடுப்படியில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். மச்சான் என்று அவர் சொன்னது அவளுடைய தம்பி முகமது அனஸை. ஆறு வருடம் பாயிடம் வேலை பார்த்தவன். போன ஐப்பசியில் ஜாக்கியைச் சரியாக வைக்கவில்லை என்று கஸ்டமர் முன்னால் பாய் அவனை அறைந்துவிட்டார். கோபித்துக்கொண்டு போய் பைபாஸில் இன்னொரு பட்டறையில் சேர்ந்துவிட்டான். திங்கள்கிழமை ராத்திரி ஆண்டவர் லாரி நின்றது அந்தப் பட்டறைக்கு எதிரில்.

"ஒங்க கடைய இழுத்து மூடுற நாளு வரும்னு சொல்லிட்டுப் போனான் சார். சொன்னான்ல? இவ முன்னாடிதான் சொன்னான். கேளுங்க."

"கோவத்துல சொன்னது," என்றாள் ஹஃபீசா.

"கோவத்துல செஞ்சதுதான் இதுவும். திங்கக்கிழம ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன். சார், நீங்க காலேஜ் பேப்பர்ல ஒரு வரி குடுங்க. அறுத்துருக்குன்னு. மத்தத நான் பாத்துக்குறேன்."

"ஏங்க, வர்ற வியாழக்கெழம அவனுக்குத் தோகா போற பிளைட்டு. கேஸுன்னு ஒண்ணு வந்துட்டா பாஸ்போர்ட்ட புடிச்சு வெச்சுக்குவாங்க. அந்த விசாவுக்கு ரெண்டு வருஷம் அலைஞ்சான்."

"ஒரு மனுசன் கால் போயிருச்சுடி."

அவள் தட்டில் இடியாப்பத்தை வைத்து எனக்கு முன்னால் நகர்த்தினாள். தேங்காய்ப்பால் ஊற்ற மறந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

துண்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினால் வாசலில் ஆண்டவர் புல்லட்டில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று டிப்பருக்கு ஓனர். கழுத்தில் மஃப்ளர்.

"வாத்தியாரே, பாய் சொன்னாரு, டெஸ்ட் பண்ணப் போறீங்களாம்ல? அது டூப்ளிகேட் காஸ்டிங்கு, போலி வார்ப்பு. ஸ்பேர் கடக்காரன் ஏமாத்திட்டான். அப்புடி எழுதிக் குடுத்தீங்கன்னா நான் அவன ஒரு வழி பண்ணிருவேன். இல்லன்னா டிரைவர் தூங்கிட்டான்னு ஸ்டேஷன்ல எழுதிக்குவாங்க. எனக்கு எதுன்னாலும் சரி."

"லோடு எவ்வளவு ஏத்தியிருந்தீங்க?"

"எப்பவும் ஏத்துறதுதான்." முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வெள்ளிக்கிழமலேந்து அதே லோடுதான். நாலு நாளும் மத்தியானம் ஓட்டுனோம், ஒண்ணும் ஆவல. செவ்வாக்கிழமதான் மொதமொதல்ல விடியக்காலை ட்ரிப்பு. அதுல பாருங்க, இப்புடி ஆயிருச்சு."

பனி இறங்கி அவர் பெட்ரோல் டாங்கு மேல் முத்து முத்தாக நின்றது. நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். இரும்பு சில்லென்று இருந்தது.

பஸ்ஸில் சின்ன வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. மடியில் அந்தத் துண்டு கனத்தது. பெரம்பலூர் வரும்வரை ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுக்கொண்டு போனேன். அனஸ் கோபக்காரன், செய்திருப்பான். ஆண்டவர் முகத்தைத் திருப்பினார், ஓவர்லோடு. ஸ்பேர் கடைக்காரனை நான் பார்த்ததே இல்லை, அதனால் அவன்மேல் இன்னும் கூடுதல் சந்தேகம். இதற்கெல்லாம் மேலாக இலியாஸ் பாய். தப்பில்லாத மனுஷன் போலீஸ் வருவதற்கு முன்னால் துண்டை ஏன் தூக்கி வரவேண்டும்?

லேப்பில் முதலில் லென்ஸை எடுத்தேன். பிளேடு போட்டு அறுத்தால் பல் பட்ட கோடு வரி வரியாகத் தெரியும். இந்தத் துருக் கீற்றில் அப்படி ஒன்றும் இல்லை. வெறும் கண்ணுக்கு நேராக இருப்பதுபோலத் தெரிந்தது, லென்ஸில் வளைந்து நெளிந்து ஓடியது. அறுத்த இடம் இல்லை, வெடித்த இடம். சாலையில் ஒடிந்ததற்கு முன்பே வெடித்து, உள்ளே தண்ணீர் போய்த் துருவேறிய வெடிப்பு.

லென்ஸை மட்டும் நம்பி எழுத எனக்கு மனம் வராது. அரத்தை எடுத்தேன். ஓட்டைக்குத் தூரமான இடத்தில் தேய்த்தால் கறுப்புப் பொடி உதிர்ந்தது. நல்ல வார்ப்பு அப்படித்தான் அரத்துக்கு இடம் கொடுக்கும். தேய்த்துக்கொண்டே ஓட்டைப் பக்கம் வந்தேன். கிறீச்சென்று அரம் வழுக்கிக்கொண்டு போனது. அழுத்தித் தேய்த்தேன். அரத்தின் பல்தான் மழுங்கியது. கண்ணாடியில் தேய்க்கிற மாதிரி. ஹாக்ஸா பிளேடு போட்டுப் பார்த்தேன், பத்து இழுப்பில் பிளேடு மொட்டையாகிவிட்டது.

சந்தேகப் பட்டியலில் முதல் பெயரை அங்கேயே அடித்தேன். பிளேடே இறங்காத இடத்தை அனஸ் எதைக்கொண்டு அறுத்திருப்பான்?

வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் துண்டு போட்டேன். ஒடிந்த முகத்தைத் தொடவில்லை. அதற்குப் பின்னால் இருந்த பகுதியில், ஓட்டையை ஒட்டி இரண்டு, தூரத்தில் மூன்று என்று விரல் கனத்துக்குக் கட்டைகள். சூடேறினால் இரும்பின் குணமே மாறிவிடும், அதனால் சாணைச் சக்கரத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு. பிறகு ஊசல் சம்மட்டி. மேலேயிருந்து விட்டால் ஆடி வந்து கட்டையை ஒரே அடி அடிக்கும். உடைவதற்கு முன்னால் கட்டை எவ்வளவு அடியை வாங்கிக்கொண்டது என்று முள் காட்டும்.

ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்தேன், கேன்டீனில் வெந்நீர். தூரத்துக் கட்டைகளில் வெந்நீரில் கிடந்தது பதினான்கு ஜூல் வாங்கியது. சும்மா வைத்தது பத்து. ஐஸில் கிடந்தது ஐந்து. ஒரே இரும்புதான். வெயிலில் ஒரு மனசு, குளிரில் ஒரு மனசு. இது சாதாரண வார்ப்பிரும்பு கிடையாது. உள்ளே கரியை உருண்டை உருண்டையாக நிற்கவைத்து, எஃகு மாதிரி கொஞ்சம் வளைந்து கொடுக்கும்படி வார்த்தது. அப்படிப்பட்டதும் குளிர்ந்தால் விறைத்துப்போகும். ஆனாலும் அது ஐந்தையாவது வாங்கியதே. ஓட்டையை ஒட்டி எடுத்த கட்டையில் ஒன்றை அடித்தேன். இரண்டுகூட முழுசாக இல்லை. சம்மட்டி எதையும் தொடாததுபோல் ஆடிப் போய்விட்டது.

மிச்சம் ஒரே ஒரு கட்டை. அதைச் சாயங்காலம் மின்சார உலையில் வைத்து நன்றாகச் சிவக்க விட்டேன். பிறகு கதவைத் திறக்காமல், உலைக்குள்ளேயே விடிய விடிய மெதுவாக ஆறட்டும் என்று பூட்டிவிட்டு வந்தேன்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அனஸ் நிற்கிறான். கையெல்லாம் கிரீஸ்.

"சார், அக்கா சொல்லுச்சு. நீங்கதான் எழுதிக் குடுக்கப் போறீங்களாமே."

"நீ என்ன எழுதச் சொல்றே?"

"நான் எதுவும் சொல்லல சார். அல்லாஹ் மேல ஆணையா நான் அந்த வண்டியத் தொடவே இல்ல. எதுத்தாப்புல நின்னுச்சு, அம்புட்டுதான். அன்பண்ணன் எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. அவரு காலப் போயி நான்..." கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தான். "மச்சான் என்னைய அறைஞ்சப்பகூட வலிக்கல சார். இத எம்மேல போடுறாரு பாருங்க, இதுதான்."

உனக்கு ஒன்றும் வராது என்று சொல்லியிருக்கலாம். என் புத்தி விடவில்லை. உலைக்குள் ஒரு கட்டை இன்னும் கிடக்கிறதே.

"நாளைக்குச் சாயந்தரம் சொல்றேன்," என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

சனிக்கிழமை காலையில் உலையைத் திறந்தேன். கட்டை வெதுவெதுவென்று இருந்தது. அரம் வைத்தேன். வெண்ணெயில் மாதிரி இறங்கியது. சம்மட்டிக்குக் கொடுத்தேன். பதினொன்று வாங்கியது. உடைந்த முகம் மினுமினுப்பு இல்லாமல் மங்கிய சாம்பலாக, நார் நாராக இருந்தது.

ஸ்பேர் கடைக்காரன் பெயரையும் அடித்தேன். வார்ப்பு டூப்ளிகேட் இல்லை, அருமையான வார்ப்பு. யாரோ ஓட்டையைச் சுற்றிச் செக்கச் சிவக்கச் சூடு காட்டி, அந்தச் சூட்டோடு தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். அந்த அதிர்ச்சியில் அந்த இடம் மட்டும் அரம் ஏறாத கெட்டியாக மாறி, விளிம்பில் மயிரிழை வெடித்தும்விட்டது. நாலு நாள் மத்தியான வெயிலில் சுற்றியிருந்த நல்ல இரும்பு வெடிப்பைத் தாங்கிப் பிடித்தது. ராத்திரியெல்லாம் பனியில் நின்ற பிறகு அதற்கும் தெம்பில்லை. லோடும் கூடுதல்.

அன்றைக்கு மீன்சுருட்டிக்குப் போகவில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்த பாயிடம் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினேன். அரத்தைக் கையில் கொடுத்து ஒடிந்த இடத்தைத் தேய்க்கச் சொன்னேன். அவருடையது இரும்போடு பிறந்து வளர்ந்த கை. இரண்டு இழுப்பு இழுத்ததுமே கை நின்றுவிட்டது.

"புஷ் எப்படிப் போட்டீங்க பாய்?"

"எப்பவும் போடுறாப்லதான். ஓட்ட டைட்டா இருந்துச்சு. கேஸ் நெருப்பு காட்டிச் சிவக்க வெச்சோம்னா ஓட்ட விரியும். புஷ்ஷ தள்ளிட்டுத் தண்ணி காட்டுனா கப்புனு புடிச்சுக்கும்."

"இதுக்கு முன்னாடி எத்தனை போட்டிருப்பீங்க?"

"கணக்கு உண்டா? தம்மாம்ல பதினாலு வருஷம் இதான் வேல. ஒண்ணுகூட ஒடஞ்சதில்ல சார்."

"அங்க வந்தது தகட்டை மடிச்சு வெல்டு பண்ண பிராக்கெட்டு. அந்த எஃகு தண்ணிய மன்னிச்சுடும். இது வார்ப்பு. இதுக்குள்ள கரி இருக்கு. சிவந்ததும் கரி கரைஞ்சு இரும்போட கலந்துடும். அப்ப தண்ணி ஊத்துனா அவ்வளவுதான். சூடு வெச்சதுகூடப் பரவால்ல, அப்படியே மெதுவா ஆற விட்டிருந்தீங்கன்னா இந்த வெடிப்பு வந்திருக்காது."

பாய் அரத்தைக் கீழே வைத்தார். ஹஃபீசா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி தப்பித்துவிட்டான் என்ற நிம்மதி முகத்தில் வந்தது, வந்த வேகத்தில் கணவரைப் பார்த்ததும் போய்விட்டது.

பாய் தேய்த்த இடத்தை விரலால் தடவினார். "தண்ணிய நான் ஊத்தல சார்."

"பின்னே?"

"வெள்ளிக்கிழம. ஜும்ஆ தொழுகைக்கு நேரமாயிருச்சு. நான் கை கால் கழுவி ஒளு செய்யப் போயிட்டேன். அன்பழகனுக்கு லோடு ஏத்துற டோக்கன் வரிசை போயிரும்னு அவசரம். அவருதான் பக்கெட்ட தூக்கியாந்து ஊத்துனாரு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மொதல்ல மச்சான். இப்ப காலு போன ஆளு. அடுத்து யாரு பாய், நானா?"

"உண்மையத்தான் சொல்றேன்."

"உண்மைய ரெண்டு நாள் கட்டிலுக்கு அடியில எதுக்குங்க வெச்சிருந்தீங்க?" இது ஹஃபீசா. ஒன்பது வருடத்தில் அவள் குரலை நான் அவ்வளவு உயரத்தில் கேட்டதில்லை. "எந்தம்பியப் பழி சொல்லத் தெரிஞ்சுச்சுல்ல? எதுக்கு அத எடுத்தாந்தீங்க?"

"பயம்டி." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஓடிப் போயிப் பாக்குறேன், எங் கை பட்ட எடத்துல ஒடஞ்சு கெடக்கு. என்னா ஏதுன்னு புரியல. எடுத்துட்டேன். எடுத்துட்டு வந்து பாத்தா அந்தக் கீத்து. அனஸாத்தான் இருக்கணும்னு தோணுச்சு. தோணல... அப்புடி இருந்துடணும்னு ஆசப்பட்டேன்."

குனிந்தபடியே, "அவரு பக்கெட்ட தூக்குனப்ப நான் பாத்தேன். வேணாம்னு சொல்லல. எப்பவும் நானே ஊத்துறதுதான, எதுக்குச் சொல்லப் போறேன்?" என்றார்.

அவர் சொன்னதில் பாதியைத்தான் நம்பினேன். பயத்தை நம்பினேன், பக்கெட்டை நம்பவில்லை. எழுந்து வர முடியாமல் படுத்திருக்கிறவன் தலையில் கட்டுவது சுலபம்.

"நாளைக்குத் திருச்சிக்குப் போறேன். நீங்களும் வாங்க சார்," என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. என்ன சொல்லி அந்த மனுஷனை மடக்கப் போகிறாரோ என்று பார்ப்பதற்காகவே நானும் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வார்டில் கூட்டம். அன்பழகன் மனைவி சிந்தாமணி தரையில் கோரைப்பாயை விரித்து உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டிருந்தாள். உடையார்பாளையம் பக்கத்து மனுஷி, பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

"வாங்க பாய். ஓனரு வந்துட்டுப் போனாரு. இவரு தூங்கிட்டே ஓட்டுனாருன்னு சொல்றாரு. இருவது வருஷம் ஓட்டுன மனுசன் சார், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிவுட்டாலும் கண்ணு செவக்காது. தூங்குனாராம்."

அன்பழகன் தலையணையில் சாய்ந்திருந்தான். போர்வை ஒரு பக்கம் பாதியோடு தட்டையாகப் படிந்து கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க நான் மிகவும் கஷ்டப்பட்டேன்.

"யாரு பாய் அறுத்தது?" என்றான். "ஓனரு சொன்னாரு, யாரோ அறுத்து வெச்சதா நீங்க சொல்றீங்கன்னு."

"யாரும் அறுக்கல." பாய் உட்காரவில்லை. "நீங்களும் தூங்கல. சார் டெஸ்ட் பண்ணிட்டாரு. அந்தக் காஸ்டிங்க சிவக்க வெச்சுட்டுத் தண்ணி ஊத்தக் கூடாதாம் அன்பழகன். ஊத்துனா கண்ணாடி மாதிரி ஆயிருமாம். அதனாலதான் ஒடஞ்சுச்சு. எம் பட்டறையில நடந்த தப்பு. நாளைக்கு ஸ்டேஷன்ல என் பேரப் போட்டு எழுதிக் குடுக்கப் போறேன்."

அன்பழகன் நெற்றியைச் சுருக்கினான். அந்த வெள்ளிக்கிழமை அவன் கண்ணுக்குள் ஓடுவது எனக்குத் தெரிந்தது. கண் அகலமாகிக்கொண்டே போனது.

"பாய்... அன்னிக்குப் பக்கெட்ட நான்தானே..."

பாய் சொன்னது அத்தனையும் உண்மை.

"இல்ல," என்று பாய் குறுக்கே விழுந்தார். "நீங்க டீக்குப் போயிருந்தீங்க. மருந்து மயக்கத்துல கொழப்புறீங்க. தண்ணி ஊத்துனது நான்தான்."

"இல்ல பாய், டோக்கனு போயிருமேன்னு நாந்தான்..."

"நான்தான்னு சொல்றேன்ல?"

சிந்தாமணி ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க படிச்சவங்க. அந்த இரும்பப் பாத்தா யாரு ஊத்துனதுன்னு தெரியுமா?"

இரும்பைப் பார்த்தால் சூடு தெரியும். தண்ணீர் தெரியும். ஊற்றின கை எந்த லென்ஸிலும் தெரியாது. கட்டிலில் இருந்த மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி ஒவ்வொரு நாளும் அந்தக் காலைக் குனிந்து பார்க்கப்போகிறவன் அவன்.

"தெரியும்மா," என்றேன். "பாய்தான்."

அவ்வளவுதான், சிந்தாமணி பிடித்துக்கொண்டாள். "ஒரு நிமிசம் ஆற வுட்டா கொறஞ்சா போயிருப்ப? ஒன்னைய நம்பித்தான வண்டியக் கொண்டாந்து வுட்டாரு? எம் புள்ளைங்களுக்கு நான் என்னா பதிலு சொல்லுவேன்? ஒங் கை வெளங்குமாய்யா?" வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் வந்து அதட்டினாள். அவள் நிறுத்தவில்லை. பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

அவள் குரல் கம்மிப் போனபோது, "வரேன்" என்று பாய் திரும்பினார். அன்பழகன் எட்டி அவர் கையைப் பிடித்தான். பிடித்த கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் ஓடியது.

"வுடுய்யா," என்றாள் சிந்தாமணி. "அந்தாளு கையப் போயி புடிச்சிக்கிட்டு. வுடு."

அவன் விடவில்லை.